‘கண்டதையும் தின்னுது’ எண்டு சொல்லாதேங்கோ

எங்கட பக்கத்தில் ஒரு வீட்டு நாய், வெளியில் காயம் எதுவும் தெரியாமல் இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்துச் செத்துப்போனால், ஆராவது கேட்க முதலே பதில் தயாராக இருக்கும். “அது கண்டதையும் தின்னுற நாய். என்னத்தைத் திண்டுதோ.” வாகனம் அடித்துச் செத்தால் சாரதியைத் திட்டுவோம். அயல் வீட்டுக்காரர் நஞ்சு வைத்திருப்பார் என்று சந்தேகம் வந்தால் வேலியடியில் நின்று சண்டை பிடிப்போம். எதையாவது விழுங்கிச் செத்த நாய்க்கு மட்டும் குற்றவாளியும் அந்த நாய்தான். அதோட வழக்கு முடிஞ்சுது.

அந்த வழக்கைத் திரும்பவும் திறக்கத்தான் இதை எழுதுறன். வீட்டு மிருகங்கள் விழுங்குகிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கோ. லஞ்ச் சீற், சொப்பிங் பை, தையல் நூல், ஊசி, மாங்கொட்டை, கோழி எலும்பு, பற்றரி, பனடோல், பாவித்த நாப்கின். இதில் ஒன்றையாவது நாயோ பூனையோ மாடோ கடைக்குப் போய் வாங்கி வந்ததா? எல்லாம் நாங்கள் வாங்கினது, நாங்கள் பாவித்தது, நாங்கள் எறிந்த இடத்தில் கிடந்தது. அதில் பலவற்றுக்குச் சாப்பாட்டு வாசத்தைப் பூசி வைத்ததும் நாங்கள்தான். இவ்வளவையும் செய்துவிட்டு ‘கண்டதையும் தின்னுது’ என்று சொன்னால், அது நாயைப் பற்றிய விளக்கம் இல்லை. எங்களைக் காப்பாற்றிக்கொள்ளுற ஒரு வசனம்.

மூக்குக்கு பொலித்தீன் தெரியாது

ஒரு சோத்துப் பார்சலை எடுப்போம். மீன் குழம்பு, பருப்பு, சொதி எல்லாம் ஊறின லஞ்ச் சீற். நாங்கள் சாப்பிட்டு முடித்து மிச்சத்தோடு மடித்துத் தூக்கி எறியிறம். எங்களுக்கு அது குப்பை. நாய்க்கு உலகம் முதலில் மூக்கு வழியாகத்தான் வருகிறது. அந்த மூக்குக்கு அது மீன். கோழிப் புரியாணி கட்டின பை அதுக்குக் கோழி. பொறுமையாகப் பிரித்து, நக்கி, தாளை ஒரு பக்கம் தள்ளி வைக்க அதுக்குக் கையும் இல்லை, நேரமும் இல்லை. பக்கத்தில் இன்னொரு நாய் நிற்கும். நாய் பொதுவாகவே அதிகம் மெல்லாமல் விழுங்குகிற பிராணி. அதனால் சோறும் போகும், தாளும் போகும்.

சோறு செமிக்கும், தாள் செமிக்காது. சின்னத் துண்டு என்றால் சில வேளை மலத்தோடு வெளியில் வந்துவிடும். பெரிய துண்டு என்றாலோ பல துண்டுகள் சேர்ந்து உருண்டாலோ குடலில் அடைக்கும். அடைத்த இடத்துக்கு முன்னால் உள்ளதெல்லாம் தேங்கும். நாய் வாந்தி எடுக்கும், தண்ணி குடித்தாலும் வாந்தி எடுக்கும், சாப்பாட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும், வயிற்றைத் தொட விடாது. அடைபட்ட இடத்தில் இரத்தோட்டம் நின்றால் குடலின் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும், பிறகு ஓட்டை விழும். சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிற கதை இது. அந்தச் சில நாட்களைத்தான் நாங்கள் ‘நாளைக்குச் சரியாயிடும்’ எண்டு கழிக்கிறம்.

இந்த இடத்தில் வீட்டில் பெரியாக்கள் ஒரு கேள்வி கேட்பினம். “எங்கட காலத்திலயும் நாய் மிச்சச் சோறுதானே திண்டது? அதுகள் இருந்தது தானே?” நியாயமான கேள்வி. பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அப்போது சோறு வாழையிலையில் கட்டி வந்தது. மீன் ஓலைப் பையில் வந்தது. சாமான் கடதாசிப் பையில் வந்தது. நாய் இலையைச் சேர்த்து விழுங்கினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, மாடு என்றால் அந்த இலையே அதுக்குச் சாப்பாடு. வளவுக்குப் பின்னால் எறிந்தது உக்கியது. வீட்டுக்கும் மிருகத்துக்கும் இடையில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது: நீ என்ர மிச்சத்தைத் தின், நான் உனக்கு வேற சமைக்கத் தேவையில்லை. அந்தக் காலத்திலும் ஊசி இருந்தது, தூண்டில் முள் இருந்தது, நாய்கள் செத்தன. அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிறகு நாங்கள் மிச்சத்தைச் சுற்றுகிற பொருளை மாற்றினோம், எறிகிற பழக்கத்தை மாற்றவில்லை. நாய் பழைய ஒப்பந்தப்படிதான் நடக்கிறது. அதை முறித்தது நாங்கள்.

இதில் எனக்கு ஆகக் கோபம் வருவது ‘புண்ணியத்தில்’தான். கலியாண வீடு, திவசம், கோயில் அன்னதானம் முடிந்த பிறகு மிச்சச் சோறையும் எலும்பையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, சந்தியில் வைத்துவிட்டு வருவார்கள். “பாவம், தெரு நாயள் தின்னட்டும்.” முடிச்சை நாய் அவிழ்க்குமோ? கிழித்துத்தான் தின்னும், கிழித்ததில் பாதி வயிற்றுக்குள் போகும். உள்ளே இருக்கிற கோழி எலும்பு சமைத்த எலும்பு. சமைத்த எலும்பு கூராகச் சிதறும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். வைரவருக்கு வடைமாலை சாத்துகிற ஊர் இது. வைரவரின்ர வாகனத்துக்கு நாங்கள் படைக்கிறது இதுதான்.

நூல், கொட்டை, பற்றரி

பொலித்தீனைப் பற்றி யாராவது அவ்வப்போது கதைக்கிறார்கள். நூலைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

எங்கட பக்கம் நிறைய வீடுகளில் தையல் மெஷின் இருக்கிறது. தைப் பொங்கலுக்குப் பட்டம் ஏற்றின நூல் மாசி வரைக்கும் மரத்திலும் வேலியிலும் தொங்கும். கரையோரத்தில் தங்கூசி நூல் இல்லாத வீடு குறைவு. பூனைக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான். ஆனால் பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அரம் மாதிரி இருக்கும். அந்தச் சின்ன முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துத் திரும்பியவை. நூல் ஒருக்கால் வாய்க்குள் போனால் துப்புவது கஷ்டம், உள்ளே போவதுதான் லேசு. நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொள்ள மற்ற முனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அதைத் தள்ளப் பார்க்கும். நூல் அசையாது. குடல் நூலின் மேல் சுருங்கிச் சுருங்கி, பாவாடை நாடாவில் துணி மடிப்பு விழுவது போல ஒன்றாய்க் குவியும். இறுகின நூல் குடல் சுவரை வாள் போல அறுக்கும்.

இதற்கு நாங்கள் செய்கிற வைத்தியம்? பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கிறது. தயவுசெய்து இழுக்காதேங்கோ. உள்ளே எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுப்பது குடலை அறுப்பதற்குச் சமம். வெட்டியும் விடாதேங்கோ. அப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கோ.

மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பானைச் சூப்பி முடித்து, சாறு ஒட்டின கொட்டையை முற்றத்தில் எறிவோம். நாய் ஓடிப்போய்க் கவ்வும், எல்லோரும் சிரிப்போம். மாங்கொட்டை வழுக்கும், நாயின் தொண்டையைத் தாண்டிப் போகிற அளவும் உண்டு. ஆனால் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போகும்போது அந்த அளவு பெரிது. நடுத்தர அளவு நாயொன்றின் குடலை அடைக்க ஒரு கொட்டை போதும். இது நாய் வைத்தியத்தில் தெரிஞ்ச விசயம். எங்களுக்கு மட்டும் புதினம்.

பற்றரி இன்னும் மோசம். ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் மணிக்கூட்டிலும் இருக்கிற சின்ன வட்டப் பற்றரி உணவுக்குழாயில் தங்கினால், ஈரத்தில் மின்னோட்டம் ஓடி, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சுவரை எரிக்கத் தொடங்கும். இது குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும். குழந்தை உள்ள வீட்டில் பற்றரியை அலுமாரிக்கு மேலே வைக்கத் தெரிந்த எங்களுக்கு, நாய் உள்ள வீட்டில் அது ஏன் தோன்றுவதில்லை?

பிறகு பனடோல். எங்கட சனத்துக்கு அது மருந்து இல்லை, நம்பிக்கை. காய்ச்சல் என்றாலும் பனடோல், மனக்கவலை என்றாலும் பனடோல். பூனைக்கு உடம்பு சூடாய் இருந்தால் அரை பனடோலை மீனுக்குள் ஒளித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். அரைக் குளிசையும் பாதுகாப்பு இல்லை. நிலத்தில் விழுந்த குளிசையைப் பூனை விழுங்கினாலும், அன்பில் நீங்களே ஊட்டினாலும், அதன் இரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

மாட்டை விட்டுவிட்டு இதை எழுத ஏலாது, ஏனென்றால் எங்கட ஊரில் மாடும் வீட்டு மிருகம்தான். மாடு நாக்கால் சுற்றி இழுத்து, அவசரமாய் விழுங்கி, பிறகு ஆறுதலாய் அசைபோடும். புல்லுக்குள் கிடக்கிற ஆணியையும் கம்பித் துண்டையும் அதன் வாய் சரியாகப் பிரித்தறியாது. உள்ளே போன கம்பி முன்பக்க இரைப்பை அறையில் தங்கும். அந்த அறைக்கு மிக அருகில் இதயம். இரைப்பை சுருங்கும்போது கம்பி சுவரைத் துளைத்து இதயப்பை வரைக்கும் போகலாம். சொப்பிங் பை என்றால் குத்தாது, சேரும். கயிறும் பையும் பெரிய உருண்டையாகி இரைப்பையை நிரப்பிவிடும். வயிறு நிறைந்த மாடு சாப்பிடாது, சாப்பிடாத மாடு மெலியும், பால் குறையும். “பால் மறத்துப் போச்சு, இறைச்சிக்குக் குடுப்பம்” எண்டு ஒரு முடிவு எடுப்போம். பட்டிப் பொங்கலுக்கு மாலை போட்ட மாடு, வயிறு நிறையப் பொலித்தீனோடு பட்டினி கிடந்ததை ஒருவரும் அறியமாட்டார்கள்.

சொல்ல வெட்கப்படுகிற சாமான்

இனி நான் சொல்லப் போவது சிலருக்கு அருவருப்பாக இருக்கும். இருக்கட்டும்.

நாய்கள் பாவித்த சனிற்றரி நாப்கினைத் தின்னும். இரத்த வாசம்தான் காரணம். நாப்கின் ஈரத்தை உறிஞ்சி ஊதுவதற்காகவே செய்யப்பட்டது, நாயின் வயிற்றுக்குள்ளும் அதைத்தான் செய்யும். மிருக வைத்தியர் கேட்கிற முதல் கேள்வி, “என்ன விழுங்கியிருக்கும்?” எக்ஸ்ரேயில் ஆணி தெரியும், எலும்பு தெரியும், பற்றரி தெரியும். துணியும் பொலித்தீனும் பஞ்சும் பல வேளைகளில் நேரடியாகத் தெரியாது. அப்ப வைத்தியருக்கு இருக்கிற பெரிய துப்பு வீட்டுக்காரர் வாயிலிருந்து வரவேணும். ஆனால் அந்த வீட்டில் அந்தச் சாமானின் பெயரை அப்பாவுக்கு முன்னால் உச்சரிக்க முடியாது. மகளுக்குத் தெரியும், சொல்லமாட்டாள். அம்மாவுக்குத் தெரியும், “ஏதோ கடதாசியைத் திண்டிட்டுது” என்பார். நாய் அந்த வெட்கத்துக்காகவே சாகும்.

அதை ஏன் நாய் கிண்டுகிற இடத்தில் போட வேண்டியிருக்கிறது? ஏனென்றால் வீட்டுக்குள் மூடியுள்ள ஒரு வாளி வைத்தால் அது ‘தெரிஞ்சு’விடும். கறுப்புப் பையில் சுற்றி, இருட்டின பிறகு, வளவின் மூலையில் ஆழமில்லாத ஒரு குழி. ஹொஸ்டல்களிலும் இதே கதைதான். மூடி இல்லாத ஒரு பீப்பாயை மதிலுக்கு வெளியில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி நாய் வருகிறது என்று நாய்க்குக் கல்லெறிவார்கள். ஒரு மூடிக்கு எவ்வளவு காசு வரும்? மாதவிடாயைப் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறோம், பதாகை எழுதுகிறோம், நல்லது. அந்தக் கருத்தரங்கில் ஒருக்கால் குப்பை வாளியைப் பற்றியும் கதையுங்கோ. வெட்கம் மனுசரை மட்டும் வருத்துகிற விசயம் இல்லை.

“மனுசருக்கே வழியில்லை”

இதை வாசிக்கிற ஒருவர் கட்டாயம் கேட்பார்: “2022இல் மருந்துக்கு வரிசையில் நின்ற நாடு இது. மனுசருக்கே வழியில்லை, நாய்க்கு ஒப்பரேஷனா?”

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. சத்திரசிகிச்சைக்குக் காசு வேணும், நாய்க்கு எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் எல்லா ஊரிலும் இல்லை. நாட்டில் மிருக வைத்தியப் பீடம் ஒன்றே ஒன்று, அது பேராதனையில். அங்கே இருக்கிற போதனா மருத்துவமனைக்கு வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வாந்தி எடுக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி ஒரு குடும்பத்தை நான் கேட்க முடியாது. அதனால்தான் நான் கேட்பது ஒப்பரேஷனைப் பற்றி இல்லை, ஒப்பரேஷன் வராமல் பார்ப்பதைப் பற்றி. அதுக்குக் காசு வேண்டாம். இந்த விசயத்தில் வறுமை ஒரு சாட்டு. ஒரு பால் மாட்டை இழந்தால் அடுத்த மாதச் செலவுக்கு என்ன செய்வதென்று தெரியாத குடும்பத்துக்குத்தான் சொப்பிங் பை ஆக ஆபத்து.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘பெற் பேரன்ற்’ கூட்டம். அவர்களின் ரீல்ஸில் நாய் செருப்பைக் கடித்துத் தின்றால் இதயக் குறி பறக்கும். அறிவுரையும் வரும்: விலை கூடின கடிக்கிற பொம்மை வாங்குங்கள், கூடு வாங்குங்கள், அலுமாரிக்குப் பூட்டு வாங்குங்கள். வெளிநாட்டு அடுக்குமாடி வீட்டுக்கு எழுதின பட்டியல். எங்கட நாய் முற்றத்தில் வாழ்கிறது, வேலிப் பொட்டுக்குள்ளால் மூன்று வளவுக்குப் போய்வருகிறது. என்ர வீட்டுக்கு மட்டும் பூட்டுப் போட்டு அதைக் காப்பாற்ற ஏலாது. நான் வளர்க்கிற நாய் உங்கட குப்பையில்தான் சாகும். இது வாங்கித் தீர்க்கிற பிரச்சினை இல்லை, அயலோடு கதைத்துத் தீர்க்கிற பிரச்சினை.

அரசாங்கத்தைக் கேட்டால் சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. இண்டைக்கு மத்தியானம் உங்கட பார்சல் எதில் சுற்றி வந்தது என்று பாருங்கோ. ‘உக்கும்’ என்று அச்சடித்த தாளாக இருந்தாலும், அது உக்க எடுக்கிற காலத்துக்கு எந்த நாயின் குடலும் காத்திருக்காது. மிருக வதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதன் தண்டம் ஆகக் கூடினது 100 ரூபா. அந்தக் காசுக்கு இண்டைக்கு ஒரு சோத்துப் பார்சலும் வராது. சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்த விலங்கு நலச் சட்டமூலத்தை நாங்கள் பிறந்து வளர்ந்து கம்பஸ் வந்த பிறகும் நிறைவேற்றக் காணேல்லை.

குப்பை வீட்டை விட்டுப் போனாலும் கதை முடியாது. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் தின்று, 8 ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வயிற்றுக்குள் இருந்தது பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும். யானை காட்டு மிருகம், அது விழுங்கினது எங்கட குசினிச் சாமான். படத்தைப் பகிர்ந்து ‘ஐயோ பாவம்’ எண்டு எழுதினம். அதே நாளில் எங்கட படலையடியில் கிடந்த பையை ஆரும் எடுக்கவில்லை.

அப்ப என்ன செய்யிறது?

சாப்பிட்டு முடித்த தாளையும் மீன் பையையும் ஒரு கோப்பை தண்ணியில் அலசிப் போடுங்கோ. வாசம் போனால் நாய்க்கு அதில் வேலை இல்லை. நாய்க்குச் சோறு வைக்கிறதென்றால் தட்டிலோ சிரட்டையிலோ நிலத்திலோ வையுங்கோ, பையோடு வைக்காதேங்கோ. எலும்பையும் மாங்கொட்டையையும் நாய்க்கு எட்டாத மாதிரி ஆழமாய்த் தாழுங்கோ. தைத்து முடிந்தால் நூலைச் சுற்றி ஊசியோடு டப்பாவில் வையுங்கோ. நாப்கின் போடுகிற வாளிக்கு மூடி வேணும் என்று வீட்டில் வாய் திறந்து கேளுங்கோ. பொங்கல் முடிந்தால் பட்டம் விட்ட பெடியள் நூலையும் பொறுக்கட்டும்.

அதையும் மீறி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணி பருக்காதேங்கோ. உப்பே நாயைக் கொல்லும். தேங்காயெண்ணெய் ஊற்றினால் வழுக்கி வரும் என்று நம்பாதேங்கோ. பற்றரியையும் கூரான சாமானையும் வாந்தி எடுக்க வைத்தால் போகும்போது செய்த காயத்தை வரும்போதும் செய்யும். என்ன விழுங்கியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிசு என்று ஒரு துண்டில் எழுதி, அதே மாதிரி இன்னொன்று வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உங்கட பிரதேசத்து மிருக வைத்தியரிடம் போங்கோ. போக ஏலாவிட்டால் தொலைபேசியிலாவது கேளுங்கோ. வெட்கப்பட்டு எதையும் மறைக்காதேங்கோ.

கம்பஸ் கன்டீனைச் சுற்றி நிற்கிற நாய்களுக்குப் பெயர் வைத்து, படம் பிடித்து, கதை எழுதுகிற நண்பர்களிடம் கடைசியாக ஒன்று. அந்த நாய்களுக்கு உங்கட கவிதை வேண்டாம். கன்டீன் பின்பக்கத்தில் இருக்கிற திறந்த பீப்பாய்க்கு ஒரு மூடி வேணும். மாணவர் ஒன்றியத்தின் அடுத்த கூட்டத்தில் அதைக் கோரிக்கையாக வையுங்கோ. ஆராவது சிரித்தால், அந்த நாயின் பெயரைச் சொல்லி, அது போன கிழமை என்ன விழுங்கினது என்று கேளுங்கோ.